ஒரு ரூமுக்கு நாலு பேர்

எண்பதுகளின் கடைசியில் எங்கள் ஊரில் ஒரு கூட்டம் போட வேண்டுமென்றால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல்தான் போட முடியும். விடிகாலை நாலு மணிக்கே தீப்பெட்டி ஆபீஸ் பஸ் ஊர் முக்கில் வந்து நின்று ஹாரன் அடிக்கும். ஆலையை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். தூக்குச்சட்டியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். தூக்கம் தெளியாததுகளை அம்மாக்களே தூக்கி ஏற்றிவிடுவார்கள். இருட்டிய பிறகுதான் அந்த பஸ் திரும்பும். கஞ்சி குடித்து, வீட்டில் பெட்டி ஒட்டுகிற வேலையும் கொஞ்சம் ஓய்ந்தால்தான் பெண்கள் ஒவ்வொருவராகத் தெருமுனைக்கு வருவார்கள். மாதர் சங்கத்து அக்காக்கள் சாத்தூரிலிருந்து வந்து காத்துக் கிடப்பார்கள். நான் அரசியல் படித்தது அந்த ராத்திரிக் கூட்டங்களில்.

எங்கள் ஊர் சாத்தூருக்கும் சிவகாசிக்கும் நடுவில், வானம் பார்த்த கரிசல் காட்டில் இருக்கிறது. மழை பெய்தால் கம்பும் பருத்தியும் உண்டு, பொய்த்தால் ஒன்றும் இல்லை. அந்த வறட்சிதான் தீப்பெட்டிக்கும் வெடிக்கும் தோதாக இருந்தது: காய்ந்த காற்று, நீளமான வெயில், காட்டுவேலை இல்லாத கைகள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு 1923-இல் சிவகாசிக்குத் திரும்பினார்கள். பிறகு பட்டாசும் அச்சுத் தொழிலும் வந்தன. இந்த வறண்ட மண்ணில் சோறு போட்ட தொழில் அது. அதை நான் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை. அந்தச் சோற்றுக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்பதைத்தான் இத்தனை வருடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

என் அம்மா பெட்டி ஒட்டினாள். மைதாவைக் காய்ச்சி, பூச்சி அரிக்காமலிருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டுப் பசை கிண்டுவாள். சாப்பாட்டுச் சட்டி பக்கம் அது போய்விடக் கூடாது என்று ஒரு உடைந்த மண்பானையை அதற்கென்றே வைத்திருந்தாள். கூலி குரோஸ் கணக்கு. 144 பெட்டி ஒட்டினால் ஒரு குரோஸ். ஒட்டல் சரியில்லை என்று ஏஜெண்டு பத்துப் பெட்டியைத் தள்ளிவிட்டால் அன்றைக்கு எண்ணெய் வாங்கக் காசு இருக்காது. தீபாவளிக்கு முன்னாலோ, கல்யாணம் காதுகுத்துக்கோ வாங்கிய முன்பணம் எப்போதும் தலைக்கு மேல் நிற்கும். அது கழியும்வரை பிள்ளையை பஸ்ஸிலிருந்து இறக்க முடியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் வந்தபோது நான் தொண்டராகச் சேர்ந்தேன். டீச்சர் வேலை எதுவும் பார்க்காத என்னை ஊரே டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். கோவில் திண்ணையில் வகுப்பு. ஒரு சிறுமி, எட்டு வயது இருக்கும், சிலேட்டுக் குச்சியைப் பிடிக்கத் தெரியாமல் திணறினாள். கையை வாங்கிப் பார்த்தேன். பகல் முழுக்க மரச்சட்டத்தில் தீக்குச்சிக் கட்டை அடுக்கியதில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மழுமழுவென்று தேய்ந்து, ரேகையே இல்லாமல் இருந்தன. அவள் முதலில் எழுதப் பழகிய எழுத்து 'ப'. கோடு போட்டுவிட்டு, "பட்டாசுக்கு வர்ற பானாவா டீச்சர்?" என்று கேட்டாள்.

அந்த வகுப்பிலிருந்துதான் எங்கள் முதல் மனு கிளம்பியது. வெளியூர்க்காரர்கள் நினைத்ததுபோல அது குழந்தைத் தொழிலாளர் பற்றியது அல்ல. என்ன வேண்டும் என்று பெண்களைக் கேட்டோம். குடிதண்ணீர்க் குழாய் என்றார்கள். பெரிய பிள்ளை ஆபீஸுக்கும் சின்னப் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டால் தண்ணீர் எடுக்க ஆள் இல்லை. அதனால் சின்னதும் வீட்டோடு நின்றுவிடுகிறது. ஒரு குழாய்க்கும் ஒரு பிள்ளையின் படிப்புக்கும் இருந்த இந்தத் தொடர்பு எந்த அறிக்கையிலும் எனக்குக் கிடைக்கவில்லை. ஐம்பது கைநாட்டோடு கிளம்பிய மனுவில் நாலு பேர் தங்கள் பெயரை எழுதியிருந்தார்கள். அந்த நாலு கையெழுத்தையும் தெருவே கூடிப் பார்த்தது.

பொதுக்காரியத்தில் எங்கள் விருதுநகர் மாவட்டம் யாருக்கும் குறைந்ததல்ல. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் விருதுநகர் நாடார்கள் வீட்டுக்கு வீடு தினம் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்து, அதையும் வியாபாரத்தில் சேர்ந்த மகமையையும் கொண்டு சத்திரிய வித்தியாசாலையை நடத்தினார்கள். கோவில் தெருவுக்குள்ளேயே நுழையக் கூடாது என்று ஒதுக்கப்பட்ட ஒரு சமூகம் அரசாங்கத்துக்காகக் காத்திராமல் செய்த காரியம் அது. அங்கே படித்த காமராசர் தகப்பனாரை இழந்து, பாதியில் படிப்பை விட்டு, மாமாவின் துணிக்கடையில் நின்றார். முதலமைச்சரானதும் மதிய உணவு கொடுத்து ஏழைப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தார். அதே விருதுநகரில்தான் தியாகி சங்கரலிங்கனார் 1956 ஜூலை 27-ஆம் தேதி தனி ஆளாக உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சென்னை மாநிலத்துக்குத் தமிழ்நாடு என்று பெயர் வைக்க வேண்டும் என்பது உட்படப் பன்னிரண்டு கோரிக்கைகள். அக்டோபர் 13-இல் உயிர் போனது. 1967-இல் அதே ஊர் காமராசரையே 1,285 ஓட்டில் தோற்கடித்து ஒரு மாணவர் தலைவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. பெரியவர், சொந்த ஊர்க்காரர் என்பதற்காக எங்கள் ஜனங்கள் ஓட்டுப் போட்டுவிடுவதில்லை.

இப்படிப்பட்ட மாவட்டத்தில், மதிய உணவு போட்டவர் பிறந்த மண்ணில், முப்பது வருடம் கழித்தும் விடிகாலை நாலு மணிக்குப் பிள்ளைகளை ஏற்ற பஸ் வந்துகொண்டிருந்தது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எனக்குத் தூக்கம் வராமல் அடித்த விஷயம் அதுதான்.

1994-இல் புதிய ஊராட்சிச் சட்டம் வந்தது. பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம். 1996 அக்டோபரில் தேர்தல் நடந்தபோது எங்கள் வார்டு பெண்களுக்கு வந்தது. தெருவே சேர்ந்து என்னை நிறுத்தியது. ஜெயித்து இரண்டே மாதத்தில், டிசம்பர் 10-ஆம் தேதி, எம்.சி. மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. சிவகாசிப் பிள்ளைகளுக்காகப் போட்ட வழக்கு. ஆபத்தான தொழிலில் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் தன் பங்குக்கு 5,000 போட வேண்டும், அந்தப் பணத்தின் வட்டி குடும்பத்துக்குப் போக வேண்டும் என்றது கோர்ட்.

தீர்ப்பை நான் மடியில் வைத்துக்கொண்டு தெருவில் வாசித்தேன். முடித்ததும் ஒரு கிழவி கேட்டாள்: "சரி தாயி, முன்பணத்த யாரு கட்டுவா?" டில்லியில் எழுதிய அவ்வளவு நல்ல தீர்ப்பில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. சிவகாசியைப் பற்றி எடுக்கப்படும் முடிவுகள் ஒவ்வொன்றிலும் இந்தக் கிழவியின் கேள்வி விட்டுப்போய்விடுகிறது. நல்ல மனசோடு எடுக்கிற முடிவுகளிலும் அப்படித்தான்.

ஆய்வுக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஜீப் சத்தம் கேட்டால் பிள்ளைகளைப் பின்பக்கக் காட்டுக்கு விரட்டிவிடுவார்கள். எங்களைப் பார்த்தால் 'ஆபீஸை மூட வந்தவுக' என்று தெருப் பெண்களே கதவைச் சாத்தினார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அந்த வீட்டு அடுப்பு எந்தக் காசில் எரிகிறது என்று எனக்குத் தெரியும். கதவைத் தட்டிக்கொண்டே இருந்தோம். குழந்தைத் தொழிலாளர் சிறப்புப் பள்ளிகளுக்குப் பிள்ளைகளைச் சேர்த்தோம். தீப்பெட்டியில் மிஷின் வந்தது, பெரியவர்களுக்கு வெடி ஆபீஸில் கூலி கூடியது, பள்ளியில் சைக்கிளும் முட்டையும் கிடைத்தன. கொஞ்சம் கொஞ்சமாக அந்த பஸ் காலியானது. யார் காரணம் என்று கேட்டால் நான் முதலில் அந்த அம்மாக்களைச் சொல்வேன். இருட்டோடு எழுந்து போன பெண்கள், தங்கள் மகளை அந்த பஸ்ஸில் ஏற்ற மாட்டோம் என்று மனசுக்குள் முடிவு எடுத்துவிட்டார்கள். மேடையும் பேனரும் இல்லாமல் நடந்த போராட்டம் அது.

இன்றைக்கும் காலையில் எங்கள் ஊர் முக்கில் வேன்கள் ஹாரன் அடிக்கின்றன. மஞ்சள் வேன்கள், இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்துக்குப் போகிறவை. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். அதற்குப் பின்னாலேயே வெடி ஆபீஸ் வேனும் வரும். அதில் ஏறுவது அந்தப் பிள்ளைகளின் அம்மா. பள்ளிக்கூட ஃபீஸை அந்த வேனில் போய்த்தான் அவள் சம்பாதித்து வருகிறாள்.

அப்போது எங்கள் கவலை வேலைக்குப் போகிறவர்களின் வயது. இப்போது வேலை செய்கிற ரூம். வெடிபொருள் விதிப்படி ஒரு ரூமுக்கு நாலு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. ரூமுக்கும் ரூமுக்கும் நடுவே இடைவெளி வேண்டும். மிஞ்சின மருந்தை மறுநாளுக்கு வைக்கக் கூடாது. இவ்வளவும் எழுதி வைத்த விதிகள்தான். ஆனால் லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்கும். ரூம்களை உள்குத்தகைக்குப் பிரித்து நாலைந்து பேருக்கு விட்டிருப்பார்கள். எடுத்தவன் சீசனுக்குள் போட்ட காசை எடுத்தாக வேண்டும். ரூம் பற்றாது, அதனால் மரத்தடியில் பாயை விரித்து மருந்து திணிக்கச் சொல்வான். பீஸ் ரேட் என்பதால் உட்காருகிறவளுக்கும் கை ஓடினால்தான் காசு. நாலு பேர் ரூமில் எட்டுப் பேர் உட்காருவது இப்படித்தான். ஒரு உராய்வு, ஒரு தீப்பொறி போதும். ரூம் தரைமட்டமாகும், பக்கத்து ரூமும் சேர்ந்து போகும். 'மருந்து உராய்வு' என்று செய்தியில் ஒரு வரி வரும்போது அதற்குப் பின்னால் இந்த ஏற்பாடு முழுக்க இருக்கிறது.

2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் வெடித்தபோது நாங்கள் சிவகாசி அரசு ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். ஏறக்குறைய 40 உயிர். உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை அது என்று பிறகுதான் தெரிந்தது. செத்தவர்களில் நிறையப் பேர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே அல்ல. புகையைப் பார்த்து, உதவி செய்ய ஓடின சுற்றுவட்டாரத்து ஜனங்கள். அடுத்த வெடிப்பில் மாட்டிக்கொண்டார்கள். அடுத்தவன் வீடு எரிந்தால் ஓடிப்போய் நிற்கிற ஜனம் எங்கள் ஜனம். அந்தக் குணமே அன்றைக்கு அவர்களைக் கொன்றது. அதற்கப்புறம் 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், 2025 ஜூலையில் சின்னக்காமன்பட்டி, நடுவில் பேர் கூட வெளியே வராத எத்தனையோ. இன்றைக்கும் கடுமையான தீக்காயம் என்றால் ஆம்புலன்ஸ் மதுரைக்குத்தான் கிளம்புகிறது.

2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்சநீதிமன்றத்தின் இன்னொரு தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான், அதையும் தீபாவளிக்கு ராத்திரி எட்டிலிருந்து பத்து வரைதான் வெடிக்க வேண்டும். டில்லிக் காற்று கெட்டுப்போனது உண்மை. அங்கே மூச்சுத் திணறுகிற பிள்ளையும் பிள்ளைதான். ஆனால் இங்கே தீபாவளி முடிந்ததும் ஆலைகளை மூடிவிட்டார்கள், நாலு மாதம் போலத் திறக்கவில்லை. எங்கள் தெருவில் அடகுக் கடைக்குப் போகாத வீடு இல்லை. டிசம்பரில் விருதுநகர் ஆட்சியர் அலுவலகத்தின் முன் ஆயிரக்கணக்கான பெண்கள் திரண்டார்கள். நானும் போனேன். முதலாளிகளும் சங்கங்களும் ஒரே பக்கம் நின்றார்கள். ஒரு காலத்தில் எங்களை ஆபீஸை மூட வந்தவர்கள் என்று ஏசியவர்களோடு தோளோடு தோள் நின்று, ஆபீஸைத் திற என்று நான் கோஷம் போட்டேன்.

இளைய தோழர் ஒருவர் அன்றைக்குக் கேட்டார்: "அப்ப எதுத்தீங்க, இப்ப ஆதரிக்கீங்க. எது சரி டீச்சர்?" இரண்டும் சரி. பிள்ளையை வேலைக்கு வைக்காதே என்றபோதும், வேலையைப் பறிக்காதே என்றபோதும் நாங்கள் சொன்னது ஒன்றுதான்: அந்த ரூமில் உட்காருகிறவளை ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவெடு. 1996-இலும் கேட்கவில்லை, 2018-இலும் கேட்கவில்லை. சிறு ஆலைக்கு உரிமம் மாவட்ட நிர்வாகம் தருகிறது. பெரிய ஆலைகளின் கோப்பு நாக்பூரிலிருக்கிற, வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான பெசோவின் தலைமையகம் வரைக்கும் போகிறது. விபத்து மட்டும் எங்கள் ஊராட்சி எல்லைக்குள் நடக்கிறது.

அவளைக் கேட்பதற்குச் சட்டத்தில் இருக்கிற ஒரே இடம் கிராம சபை. ஆனால் அது எந்த நிலையில் இருக்கிறது? நான் வார்டு உறுப்பினராக இருந்த காலத்தில் எங்கள் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் ஊராட்சிக்குத் தேர்தலே நடத்த முடியவில்லை. தலைவர் பதவி பட்டியல் சாதிக்கு ஒதுக்கப்பட்டது என்பதற்காகப் பத்து வருடம், 2006 வரை, ஆதிக்க சாதியினர் விடவில்லை. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டியோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தப் பெயர் எங்கள் மாவட்டத்தின் மேல் விழுந்த கறை. 2019 டிசம்பரில் கோட்டைப்பட்டியில், தலைவர் பதவியை ஊர்க்கூட்டம் போட்டு முடிவு செய்வதைத் தட்டிக்கேட்ட இளைஞர் ஒருவரை அடித்தே கொன்றார்கள். 2023 காந்தி ஜயந்தி அன்று பிள்ளையார்குளம் ஊராட்சிக் கிராம சபையில், ஊராட்சிச் செயலர் பற்றிக் கேள்வி கேட்ட விவசாயியை அந்தச் செயலரே நெஞ்சில் மிதித்தார். சட்டமன்ற உறுப்பினரும் அதிகாரிகளும் அங்கேயே இருந்தார்கள். அந்த வீடியோவைத் தமிழ்நாடே பார்த்தது. பிறகு அவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து வருவதற்குள் அந்த மனிதர் வாங்கிய மிதியை என்னால் மறக்க முடியவில்லை. கேள்வி கேட்கிறவனுக்கு அந்தச் சபையில் பாதுகாப்பு இல்லையென்றால் வேறு எங்கே போய்க் கேட்பான்?

சட்டம் அப்போதைவிட இப்போது எவ்வளவோ மேல். பெண்களுக்குப் பாதி இடம், தகவல் உரிமைச் சட்டம், வருடத்துக்கு ஆறு கிராம சபை. ஆனால் 2016 அக்டோபரிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் தேர்தல் இல்லாமல் தனி அலுவலர் ஆட்சி. நடுவில் ஒரு ஐந்து வருடம் தேர்ந்தெடுத்த ஆட்கள் இருந்தார்கள். 2025 ஜனவரி 5-உடன் அவர்கள் காலமும் முடிந்து மறுபடியும் தனி அலுவலர். ஐந்நூறுக்கு மேல் மூவாயிரம் பேர் வரை உள்ள ஊராட்சியில் சபை செல்லுபடியாக 100 பேர் வேண்டும். ஆகஸ்ட் 15 வெடி சீசன் உச்சத்தில் வரும் நாள். லீவு நாளானாலும் வீட்டில் திரி வெட்டுகிற வேலையை விட்டுவிட்டு யார் வருவார்கள்? அதனால் நூறு நாள் வேலைக்காரர்களிடம் நோட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். இந்தக் கையெழுத்துக்காகவா கோவில் திண்ணையில் அத்தனை ராத்திரி உட்கார்ந்தோம் என்று எனக்கு ஆற்றாமையாக இருக்கும்.

ஆனால் போன ஆகஸ்ட் 15-இல் எங்கள் ஊர்ச் சபையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 'ப' எழுதிய அந்தச் சிறுமி இப்போது நாற்பதைத் தாண்டியவள், வெடி ஆபீஸில் பேன்சி ரகத்துக்குக் குழாய் அடைக்கிறாள், மகள் நர்ஸிங் படிக்கிறாள். எழுந்து நின்று ஒரு காகிதத்தைப் பிரித்தாள். ஊராட்சி எல்லைக்குள் இருக்கிற ஒவ்வொரு ஆலை வாசலிலும் உரிமம் யார் பெயரில், எத்தனை ரூம், மொத்தம் எத்தனை ஆள் என்று தமிழில் போர்டு வைக்க வேண்டும்; உள்குத்தகை இருக்கிறதா என்று ஆய்வு செய்து அறிக்கையைக் கிராம சபையில் வாசிக்க வேண்டும்; ஆய்வின்போது தொழிலாளியிடம் போர்மேன் இல்லாமல் தனியாகப் பேச வேண்டும். மூன்றே மூன்று கோரிக்கை. ஒவ்வொன்றையும் அவள் நிறுத்தி நிறுத்தி வாசித்தாள்.

செயலர் தம்பி தயங்கினார். "இது ஊராட்சி அதிகாரத்துல வராதுக்கா. தீர்மானத்துல ஏத்த முடியாது."

"யாரு அதிகாரத்துல வருதோ அவுகளுக்கு அனுப்புங்க தம்பி. வெடிச்சா பாடி எந்த ஆபீஸுக்குப் போகுது? நம்ம ஊருக்குத்தான வருது?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் பின்னால் இருந்த பெண்கள் எழுந்துவிட்டார்கள். எழுதினால்தான் நோட்டில் கையெழுத்துப் போடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த உள்குத்தகை ரூம்களில் வேலை பார்க்கிற பெண்களும் அதில் இருந்தார்கள். மறுநாள் வேனில் ஏற்றாமல் விட்டுவிடுவார்கள் என்று தெரிந்தே நின்றார்கள். தீர்மானம் ஏறியது.

நகல் வாங்கி ஆட்சியருக்கும், தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறைக்கும், சிவகாசி பெசோ அலுவலகத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினோம். ஓரிடத்திலிருந்து மட்டும், உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது என்று பதில் வந்தது. என்ன நடவடிக்கை, எந்தத் தேதியில், யார் எடுத்தார் என்று தகவல் உரிமை மனு போடுகிறோம். பத்து ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, மனுவை நான் எழுதித் தருகிறேன் என்று, சபையில் கோரிக்கைகளை வாசித்தவளிடம் சொன்னேன். "நீங்க திருத்திக் குடுங்க டீச்சர், எழுதுறது நான் எழுதிக்கிடுதேன்" என்றாள். மனுதாரர் பெயர் அவளுடையது.